த்சுபாவில் பூவும் பூச்சியும்: எங்கே சறுக்குகிறோம்?

ஜப்பானிய வாளில் அலகுக்கும் பிடிக்கும் நடுவே நிற்கும் உலோகத் தட்டு த்சுபா. விட்டம் பெரும்பாலும் 7, 8 செ.மீ.தான். அதில் செதுக்கியதைப் படிக்க உட்காருபவர் முதலில் செய்யும் தவறு, தட்டைத் தலைகீழாகப் பிடிப்பது. அலகு நுழையும் நடுத்துளையின் குறுகிய முனை மேலே இருக்கட்டும். அதுதான் அலகின் வெட்டும் விளிம்புப் பக்கம்; கத்தானா வாளை அந்த விளிம்பு மேல்நோக்கத்தான் இடுப்பில் செருகுவார்கள். சிறுகத்திக்கான அரைவட்டத் துளை இருந்து, அது இடப்பக்கம் வந்தால், நீங்கள் பார்ப்பது பிடியை நோக்கிய முகப்பு. பின்பக்கத்தையும் புரட்டுங்கள். சில தட்டுகளில் முன்னால் நாணல் மட்டும் இருக்கும். வாத்துகள் பின்னால் பறந்துகொண்டிருக்கும்.

அடுத்தது ஐந்திதழ்க் குழப்பம். இதழ் நுனியில் சிறு வெட்டு இருந்தால் செர்ரி. நுனி உருண்டிருந்தால் பிளம். குளிர் விலகும் முன்பே பூப்பது. நுனி கூராக நீண்டிருந்தால் கிக்யோ, இலையுதிர்காலப் பூ. மூன்றையும் 'செர்ரி' என்று சொல்லி, கூடவே 'சாமுராயின் நிலையாத வாழ்வு' என்று விளக்கம் வைப்பதுதான் சலிப்பூட்டுகிறது. செர்ரி பல இடங்களில் வசந்தத்தைத்தான் சொல்கிறது, வேறொன்றையும் இல்லை.

இதய வடிவத் துளையைக் கண்டதும் காதல் என்று நினைக்காதீர்கள். அதன் பெயர் இனோமெ, அதாவது 'காட்டுப்பன்றியின் கண்'. கோயில் உலோக அணிகளிலும் இதே வடிவம் உண்டு.

ஒற்றை உருவத்தை மட்டும் எடுத்துப் பொருள் சொல்வதும் ஆபத்து. சிங்கத்துக்குப் பியோனி, புலிக்கு மூங்கில் என்று துணை உண்டு. அலைமேல் ஓடும் முயல் விசித்திரமாகத் தெரியும். நிலவு நீரில் விழுந்தால் நிலாமுயலும் அலையில் ஓடும் என்ற கற்பனை 'சிகுபுஷிமா' என்ற நோ நாடகத்தில் வருகிறது. தும்பிக்குக் 'கச்சிமுஷி', வெற்றிப் பூச்சி, என்று பெயர். பின்வாங்காது என்பது நம்பிக்கை. ஆனால் அதே தும்பி இலையுதிர்காலப் புற்களுக்கு நடுவே இருந்தால், அது பருவக் காட்சியாகவும் இருக்கலாம். சுற்றியுள்ளதைப் பார்க்காமல் முடிவு கட்ட வேண்டாம்.

எல்லாவற்றையும்விட மோசமானது பாலிஷ். சில த்சுபாக்களுக்குப் பயன்படும் ஷகுதோ என்பது செம்போடு சிறிதளவு, பெரும்பாலும் 3 முதல் 5 சதவீதம், தங்கம் சேர்ந்த கலவை. அதன் நீலம் பாய்ந்த கருமை வேதிக்கரைசலில் கொதிக்கவைத்து வரவழைத்த மேற்பூச்சு, மிக மெல்லியது. பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்த்தால், புடைத்த இடங்களில் முதலில் செம்பு எட்டிப் பார்க்கும். இரவு வானாக இருந்த கருந்தளம் செந்தளமாகிவிடும். அதில் பதித்த வெள்ளி நிலா அந்தி நேரத்துக்கு இடம்மாறிவிடும். மங்கிய வெள்ளியையும் அப்படியே விடுங்கள். உலர்ந்த மென்பருத்தித் துணியால் அழுத்தாமல் தூசி தட்டினால் போதும். விரல் வியர்வை பட்டால் உடனே துடைத்துவிடுங்கள்.