'அவனைப் பழி வாங்கினேன்': இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

மாலை நேரத்தில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த மாணவி ஒருத்தி, வாடிக்கையாளருக்கு அனுப்ப எழுதி வைத்திருந்த மின்னஞ்சலை ஒருநாள் காட்டினாள். கடைசி வரி இது: 'ஐ வில் கெட் பேக் அட் யூ பை மண்டே.' திங்கட்கிழமைக்குள் பதில் தருகிறேன் என்று சொல்ல நினைத்திருக்கிறாள். எழுதியிருந்ததோ, திங்கட்கிழமைக்குள் உங்களைப் பழி தீர்க்கிறேன் என்று! பதில் தர 'கெட் பேக் டு', பழி தீர்க்க 'கெட் பேக் அட்'. 'அட்'டை அடித்து 'டு' போட்ட பிறகுதான் அனுப்பினாள்.

இந்தச் சொற்களில் நாம் தடுக்கி விழுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட குட்டிச் சொல்லில்தான். தமிழில் 'அவனை' என்று ஐ உருபு போட்டால் வேலை முடிந்துவிடும். அதே பழக்கத்தில் 'ஐ ரிவெஞ்ச்டு ஹிம்' என்கிறோம். அப்படிச் சொல்லாதீர்கள். இன்றைய ஆங்கிலத்தில் 'ரிவெஞ்ச்' பெரும்பாலும் பெயர்ச்சொல்தான். 'ஐ டுக் ரிவெஞ்ச் ஆன் ஹிம் ஃபார் சீட்டிங் மீ' என்பதே சரி. யாரை என்பதற்கு 'ஆன்', எதற்காக என்பதற்கு 'ஃபார்'. இதை வாய்விட்டுப் பத்துத் தடவை சொல்லிப் பாருங்கள், நாக்கில் உட்கார்ந்துவிடும்.

'அவெஞ்ச்' வினைச்சொல். இதில்தான் பெரிய குழப்பம். 'ஹீ அவெஞ்ச்டு ஹிஸ் ஃபாதர்' என்றால் அப்பாவைப் பழி வாங்கினான் என்று பொருள் இல்லை. அப்பாவுக்கு நடந்த கொடுமைக்காக வேறு யாரையோ பழி வாங்கினான் என்று பொருள். இந்தச் சொல்லுக்குப் பின்னால் வருவது பாதிக்கப்பட்டவர், அல்லது அவருக்கு நடந்த அநியாயம். எதிரியின் பெயரை அங்கே வைத்தால் கதையே தலைகீழாகிவிடும்.

நண்பர்களுக்குள் பேச 'கெட் ஈவன் வித்' போதும். மாற்றி மாற்றி அடித்துக்கொண்டால் 'டிட் ஃபார் டாட்'.

செய்திகளில் வரும் பதிலடிக்கு 'ரிட்டாலியேட் அகெய்ன்ஸ்ட்'. அமெரிக்க நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் 'ரிட்டாலியேஷன்' என்ற சொல்லைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். பாகுபாடு பற்றிப் புகார் கொடுத்தவரை அதற்காகவே வேலையை விட்டு நீக்குவது, பதவியைக் குறைப்பது எல்லாம் இதில் அடங்கும். நம் செய்தித்தாள்கள் 'பழிவாங்கும் நடவடிக்கை' என்று எழுதுவது இதைத்தான். அங்கே 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டமே இதைத் தடை செய்கிறது. மேலாளர் உங்களை அப்படி நடத்தினால், புகாரில் 'ரிவெஞ்ச்' என்று எழுதாதீர்கள். அது சொந்தப் பகை போலத் தெரியும். 'ரிட்டாலியேஷன்' என்றே எழுதுங்கள்.

அப்புறம், 'வித் எ வெஞ்சன்ஸ்' என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 'தி ரெயின் கேம் பேக் வித் எ வெஞ்சன்ஸ்' என்றால் விட்டிருந்த மழை திரும்பி வந்து வெளுத்து வாங்கியது, அவ்வளவுதான்.

இன்றிரவு ஒரு பயிற்சி. நீங்கள் பார்த்த பழிவாங்கும் படம் ஒன்றின் கதையை மூன்றே வாக்கியத்தில் எழுதுங்கள். ஒன்றில் 'டேக் ரிவெஞ்ச் ஆன்', இன்னொன்றில் 'அவெஞ்ச்', மூன்றாவதில் 'கெட் பேக் அட்'. எழுதியதும் ஒவ்வொரு வாக்கியத்திலும் அடி வாங்கியது யார் என்று பென்சிலால் வட்டமிட்டுச் சரிபாருங்கள்.