மாநில வழக்கில் விசாரணைக் கைதி, கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் மாநிலக் குற்றவழக்கில் கைதாகி, தீர்ப்பு வராமலே கவுன்ட்டி சிறையில் காத்திருப்பவரும் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம். ஆனால் இம்மனுக்களில் பல, காவல் நியாயமானதா என்ற கேள்வியை எட்டுவதற்கு முன்பே தள்ளுபடியாகின்றன. வழக்கறிஞர் துணையின்றிச் சிறையிலிருந்தே மனு எழுதுவோருக்கு அந்த இழப்பு மிகப் பெரிது.

பிரிவைத் தவறாகக் குறிப்பிடுவது எளிதில் தவிர்க்கக்கூடிய பிழை. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 28-ஆம் தலைப்பில் உள்ள 2254-ஆம் பிரிவு, மாநில நீதிமன்றத் தீர்ப்பின்படி காவலில் இருப்பவர்களுக்கு உரியது. தீர்ப்புக்கு முந்தைய காவலுக்கு அதே தலைப்பின் 2241-ஆம் பிரிவே பொருந்தும். எதிர்மனுதாரராக வழக்கு நடத்தும் அரசு வழக்கறிஞரை அல்ல, கைதியைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் சிறை அதிகாரியையே காட்ட வேண்டும்.

பிணை மறுக்கப்பட்டதும் நேராகக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு ஓடுவது இவற்றைவிடக் கடுமையான தவறு. மாநிலத்தில் உள்ள வழிகளை முதலில் முயன்று முடிக்க வேண்டும் என்று 2241-ஆம் பிரிவின் வாசகத்தில் இல்லை என்றாலும், 1886-இல் வந்த ராயல் வழக்கிலிருந்தே நீதிமன்றங்கள் அதை வலியுறுத்தி வருகின்றன. பிணை கோரிக்கையை மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும், அதன்பின் மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்துக்கும் கொண்டு செல்வதோடு, அங்கெல்லாம் அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் எந்த உரிமை மீறப்பட்டது என்பதையும் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். மாநிலச் சட்டத்தை மட்டும் சுட்டி வாதிட்டிருந்தால் அந்த முயற்சி கணக்கில் வராது.

இவ்வளவும் செய்த பிறகும் பலர் இடறுவது, எதைக் கேட்கிறோம் என்பதில்தான். நடந்துகொண்டிருக்கும் மாநிலக் குற்றவழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் பொதுவாகத் தலையிடாது என்பது 1971-இல் யங்கர் வழக்கில் உறுதிப்பட்ட கோட்பாடு. ஆகவே சாட்சி பொய், கைது தவறு, குற்றச்சாட்டை ரத்து செய்யுங்கள் என்று எழுதும் மனு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். குற்றமா இல்லையா என்பதைத் தொடாமல், காவல் நடைமுறையின் குறையை மட்டும் எடுத்துவைக்கும் மனுவுக்கு வாய்ப்பு உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் ஒருவர், தம்மால் செலுத்த இயலாத பிணைத்தொகை காரணமாக, முறையான பிணை விசாரணையின்றி ஆறு மாதங்களுக்கும் மேலாக அடைபட்டிருந்தார். 2018-இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், யங்கர் கோட்பாடு அவருக்குத் தடையில்லை என்று தீர்ப்பளித்தது. அவர் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம்வரை சென்று பார்த்தவர் என்பது இங்கே முக்கியம்.

விரைவான விசாரணைக்கான உரிமையிலும் இதே வேறுபாடு உண்டு. 1973-இல் பிரேடன் வழக்கில் மனுதாரர் கேட்டது வழக்கைக் கைவிடுமாறு அன்று, தம்மை உடனே விசாரிக்குமாறுதான். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அந்த மனு நிலைக்கத்தக்கது என்றது. ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரிக்கப்படுவதை எதிர்ப்பது தனி வகை: அந்த உரிமை விசாரணையையே தடுப்பதற்கானது என்பதால், முன்கூட்டியே கேட்க நீதிமன்றங்கள் இசைந்துள்ளன.

நஷ்டஈட்டை இம்மனுவில் கேட்கக் கூடாது. அதற்குச் சட்டத் தொகுப்பின் 42-ஆம் தலைப்பில் உள்ள 1983-ஆம் பிரிவின்கீழ் தனி வழக்கு வேண்டும். சொந்த ஜாமீனில் வெளியே இருப்பவர் தமக்கு இந்த வழி இல்லை என்று எண்ணிவிடவும் கூடாது, ஏனெனில் அதுவும் காவலே என்று 1973-இல் ஹென்ஸ்லி வழக்கில் முடிவாயிற்று. பிணை பற்றிய மனுவைத் தாமதிப்பதும் ஆபத்து. இடையில் தண்டனைத் தீர்ப்பு வந்துவிட்டால் அம்மனு பொதுவாகப் பயனற்றதாகிவிடும். மனு தள்ளுபடியானால் 30 நாட்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்வதோடு, மேல்முறையீட்டுக்கான தகுதிச் சான்றையும் நீதிமன்றத்திடம் கோரிப் பெற வேண்டும்.