வங்கி தலையில் கட்டிய காப்புறுதி: பணத்தைத் திரும்பக் கேட்பது எப்படி?

2003 செப்டெம்பரில் கிழக்கு லண்டனில் ஒரு வங்கிக் கிளையில் ஆறாயிரம் பவுண்டு கடன் எடுத்தேன். ஊரில் தங்கைக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. வங்கியில் இருந்த பெண் மிகவும் அன்பாகப் பேசினார். எங்கெங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று பென்சிலால் பெருக்கல் குறி போட்டுத் தந்தார். குறி இருந்த இடமெல்லாம் கையெழுத்து வைத்தேன். அவற்றில் ஒரு கையெழுத்து காப்புறுதிக்குரியது என்பது எட்டு ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது.

அந்தக் காப்புறுதியின் பெயர் பேமென்ட் புரொடெக்ஷன் இன்சூரன்ஸ். பி.பி.ஐ. என்றால்தான் இங்கே எல்லோருக்கும் தெரியும். வேலை போனாலோ, நோயில் படுத்தாலோ, விபத்தில் அடிபட்டாலோ உங்கள் கடன் தவணையைக் காப்புறுதி நிறுவனம் கட்டும் என்பதுதான் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் குற்றமில்லை. அதை யாருக்கு, எப்படி விற்றார்கள் என்பதில்தான் குற்றம். நான் அப்போது சொந்தமாக வான் ஓட்டிப் பொருட்களை விநியோகித்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சம்பளத்துக்கு இல்லாதவனுக்கு வேலை எப்படிப் போகும்? பிறகு நிபந்தனைகளைத் தேடிப் படித்தபோது, தொழிலையே முற்றாக மூடினால் மட்டும்தான் அந்தப் பிரிவில் எனக்குப் பணம் கிடைக்கும் என்று இருந்தது. அதற்கும் மேலே, ஐந்து ஆண்டுக் காப்புறுதிக் கட்டணம் 1,300 பவுண்டையும் முதல் நாளே கடனோடு சேர்த்து, அதற்கும் வட்டி போட்டிருந்தார்கள். ஆறாயிரத்தைக் கையில் வாங்கிவிட்டு 7,300க்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

இது என் ஒருவனுடைய கதையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். பிரித்தானியாவில் பெரும்பாலும் 1990க்கும் 2010க்கும் இடையில் ஆறு கோடிக்கும் மேற்பட்ட பி.பி.ஐ. ஒப்பந்தங்கள் விற்கப்பட்டன. வீட்டுக் கடன், கார்க் கடன், கிரெடிட் கார்டு, கடைகளின் தவணை அட்டை என்று எல்லாவற்றிலும் இது ஒட்டிக்கொண்டு வந்தது. 2005இல், மக்களுக்கு இலவசமாக ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு அரசிடம் முறையிட்டது. என் கடனில் செய்ததுபோல முழுக் கட்டணத்தையும் முதலிலேயே கடனில் ஏற்றும் வகை 2009இல் நிறுத்தப்பட்டது. முறைப்பாடுகளைக் கையாளும் புதிய விதிகளை எதிர்த்து வங்கிகள் உயர் நீதிமன்றம் போய் 2011 ஏப்ரலில் தோற்றன. அதற்குப் பிறகு வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்த தொகை 3,800 கோடி பவுண்டைத் தாண்டியது. 2014இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், ஒரு பெண் கட்டிய காப்புறுதிக் கட்டணத்தில் 71.8 சதவீதம் தரகுக் கூலியாகவே போயிருந்தது. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அந்த எண்ணை முதலில் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

பி.பி.ஐ.க்கு முறைப்பாடு செய்யும் கடைசி நாள் 2019 ஆகஸ்ட் 29. அது போய்விட்டது. கடும் நோய் போன்ற அசாதாரணக் காரணத்தால் அந்தத் தேதிக்குள் எழுத முடியாதவர்களுடைய முறைப்பாட்டை வங்கி பரிசீலிக்கலாம். அந்தத் தேதிக்குப் பிறகு காப்புறுதிப் பணம் கேட்டு, விற்றபோதே உங்களுக்குப் பொருந்தாத ஒரு நிபந்தனையைக் காட்டி மறுக்கப்பட்டிருந்தால் அதற்கும் வழி உண்டு. தொண்ணூறுகளில் வந்த மாமாவோ சித்தியோ வீட்டில் இருந்தால் அவர்களிடம் விசாரித்துப் பாருங்கள்.

அப்படியானால் நேற்று ஹீத்ரோவில் வந்து இறங்கிய உங்களுக்கு இதை ஏன் சொல்கிறேன்? பி.பி.ஐ. பணத்தை மீட்டுத் தந்த முறைப்பாட்டு வழி இன்றும் அப்படியே இருக்கிறது. உங்கள் தலையில் வேறு எதையாவது கட்டினால் அதே வழிதான் உங்களுக்கும். இன்று கட்டப்படுவது வேறு பொருள். மாதக் கட்டணத்தோடு வரும் வங்கிக் கணக்கு ஒன்று. பயணக் காப்புறுதி, தொலைபேசிக் காப்புறுதி, கார் பழுது உதவி எல்லாம் அதில் அடக்கம் என்பார்கள். கார் இல்லாத மாணவருக்குக் கார் பழுது உதவி எதற்கு? ஊரிலிருந்து பார்க்க வரும் அம்மா அப்பாவுக்கு அந்தப் பயணக் காப்புறுதி பெரும்பாலும் செல்லாது, ஏனென்றால் அது இங்கே வசிப்பவருக்கானது. கட்டணமில்லாத சாதாரணக் கணக்கு எல்லாப் பெரிய வங்கிகளிலும் உண்டு. கவுண்டரில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது தவணைக்கு எடுக்கும் கார். வட்டி வீதத்தைக் கூட்டினால் விற்பவருக்குக் கிடைக்கும் தரகும் கூடும் என்ற ஏற்பாடு பல ஆண்டுகள் நடந்து, 2021 ஜனவரியில்தான் தடை செய்யப்பட்டது. கார்க் கடன் தரகு பற்றிய வழக்குகளில் 2025 ஆகஸ்ட் 1இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வாடிக்கையாளர்களின் பெரும்பாலான வாதங்களை அது ஏற்கவில்லை. ஆனால் தரகு மிக அதிகமாக இருந்து மறைக்கப்பட்ட ஒரு வழக்கில் கடன் உறவே நியாயமற்றது என்று சொன்னது. அதன் பிறகு எஃப்.சி.ஏ. எனப்படும் நிதி நடத்தை ஆணையம், 2007 ஏப்ரல் 6 முதல் 2024 நவம்பர் 1 வரையான கார் ஒப்பந்தங்களுக்கு இழப்பீட்டுத் திட்டம் ஒன்றை முன்வைத்தது. அந்தக் காலத்தில் நீங்களோ உறவினரோ தவணைக்குக் கார் எடுத்திருந்தால், இன்றைய நிலை என்ன என்பதை எஃப்.சி.ஏ. இணையதளத்திலேயே பாருங்கள். வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து மனம் உறுத்தினால், கடன் ஒப்பந்தத்திலிருந்து விலகப் பொதுவாக 14 நாட்கள் இருக்கின்றன. வாங்கிய அசலையும் அந்தச் சில நாள் வட்டியையும் திருப்பிக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். காப்புறுதிக்கும் பெரும்பாலும் 14 நாட்கள், ஆயுள் காப்புறுதிக்கு 30 நாட்கள். அந்த நாட்களுக்குள் ஒரு மின்னஞ்சல் போட்டால், பிறகு மாதக்கணக்கில் அலைய வேண்டியதில்லை.

நாட்கள் கடந்துவிட்டனவா? இனி முறைப்பாடு. இதில்தான் எங்கள் ஆட்கள் தயங்குகிறார்கள். வங்கியோடு சண்டை போட்டால் விசா நீட்டிப்பில் பிரச்சினை வருமா என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். வராது. வங்கிக்கு எழுதும் முறைப்பாடு உள்துறை அமைச்சுக்குப் போவதில்லை. உங்கள் கடன் மதிப்பெண்ணிலும் அது பதிவாவதில்லை. முறைப்பாடு செய்ததற்காகக் கோபித்துக்கொள்ளவோ பழிவாங்கவோ வங்கிக்கு உரிமை கிடையாது. சட்டம் உங்களுக்குத் தந்திருக்கும் ஒரு வழியில் நடக்கிறீர்கள், அதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

முதலில் தாள்களைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால், உங்களைப் பற்றி வங்கி வைத்திருக்கும் விவரங்கள் அனைத்தின் பிரதியையும் கேட்டு எழுதுங்கள். சப்ஜெக்ட் ஆக்சஸ் ரிக்வெஸ்ட் என்று சொன்னால் அவர்களுக்குப் புரியும். 2018 முதல் அதற்குக் கட்டணம் இல்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். எந்த நிறுவனத்தில் கடன் எடுத்தோம் என்பதே மறந்துவிட்டால் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கடன் விவர நிறுவனங்களிலும் உங்கள் கடன் அறிக்கையை இலவசமாகப் பெறலாம். முடிந்த கடன்கள் ஆறு ஆண்டுகள்தான் அதில் தெரியும். தாமதிக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு கடிதம். சட்ட மொழி தேவையில்லை, ஒரு பக்கம் போதும். எந்த நாளில், கிளையிலா தொலைபேசியிலா, என்ன வாங்கினீர்கள், அப்போது உங்கள் வேலையும் உடல்நிலையும் எப்படி இருந்தன, உங்களிடம் என்ன சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். என் கடிதத்தில் மூன்று விஷயங்கள்தான் இருந்தன. நான் சுயதொழில் செய்பவன் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும், விண்ணப்பத்திலேயே இருந்தது. காப்புறுதி விருப்பத்தைப் பொறுத்தது என்று அவர் சொல்லவில்லை. கட்டணத்துக்கும் வட்டி உண்டு என்றும் சொல்லவில்லை. கடைசி வரியில், கட்டியதை வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்று கேட்டேன். நினைவில்லாததை நினைவில்லை என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய ஒரு வரி பொய்யென்று தெரிந்தால் மற்ற வரிகளும் பலமிழந்துவிடும்.

வங்கிக்கு எட்டு வாரம் அவகாசம். எனக்கு வந்த முதல் பதில் மறுப்பு. நான் கையெழுத்து வைத்திருக்கிறேன், ஆகவே எனக்குத் தெரிந்தே நடந்தது என்று எழுதியிருந்தார்கள். அன்று மாலை அந்தக் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கையெழுத்து என்னுடையதுதான். இனி என்ன பேச இருக்கிறது என்று விட்டுவிட இருந்தவனை, கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படிக்கச் சொன்னது என் மனைவி. இறுதிப் பதிலில் திருப்தி இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் நிதித்துறை ஒம்புட்ஸ்மனிடம் போகலாம் என்று அங்கே இருந்தது.

ஒம்புட்ஸ்மன் என்பவர் வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் இருந்து முடிவு சொல்லும் சுதந்திரமான அமைப்பு. உங்களுக்கு ஒரு பென்னியும் செலவில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. அவருடைய முடிவை நீங்கள் ஏற்றால் அது வங்கியைக் கட்டுப்படுத்தும். நீங்கள் ஏற்காவிட்டால் நீதிமன்றம் போகும் உரிமை உங்களிடமே இருக்கும். எட்டு வாரம் கடந்தும் வங்கி வாய் திறக்கவில்லை என்றாலும் நேரே அங்கே போகலாம். பொதுவாக, விற்ற நாளிலிருந்து ஆறு ஆண்டுகள், அல்லது தவறு உங்களுக்குத் தெரியவந்த, தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதற்குள் முறைப்பாடு செய்ய வேண்டும்.

ஒம்புட்ஸ்மனிடம் போன சில மாதங்களில் என் வங்கி இறங்கி வந்தது. 2012 நவம்பரில் 2,400 பவுண்டு அளவில் கணக்கில் விழுந்தது. காப்புறுதிக்காகக் கட்டிய தவணைகள் முழுவதும், அவற்றுக்கு ஆண்டுக்கு எட்டு சதவீதத் தனிவட்டியும் அதில் இருந்தன. அந்த வட்டியில் 20 சதவீதத்தை வரியாகப் பிடித்திருந்தார்கள். உங்களுக்கு இப்படி ஏதாவது கிடைத்தால் அந்த வரியைக் கவனியுங்கள். 2016 ஏப்ரல் முதல் அடிப்படை வரி கட்டுபவருக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரையான வட்டிக்கு வரி இல்லை. பிடித்ததை ஆர்40 என்ற படிவத்தில் வரித் திணைக்களத்திடம் கேட்டுப் பெறலாம். வரியாண்டு முடிந்து நான்கு ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும்.

இவ்வளவையும் உங்களுக்காகச் செய்து தருகிறோம் என்று அழைப்பவர்கள் வருவார்கள். அனுமதி பெற்ற நிறுவனங்களும் உண்டு. சிறு தொகை மீட்டால் அதில் 30 சதவீதம் வரை அவர்கள் எடுக்கலாம், மேலே வாட் வரி. ஒரு பக்கக் கடிதத்துக்கு அது மிக அதிகம் என்பது என் திடமான கருத்து. கடையிலோ கோவிலிலோ சந்தித்து, தமிழில் பேசி, முன்பணம் கேட்பவரிடம் இன்னும் கவனமாக இருங்கள். எஃப்.சி.ஏ. பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் கடவுச்சீட்டுப் பிரதியைக் கொடுக்காதீர்கள். பி.பி.ஐ. பணம் காத்திருக்கிறது, அனுப்பக் கட்டணம் கட்டுங்கள் என்று இன்றும் யாராவது தொலைபேசியில் சொன்னால் அது மோசடி. அழைப்பைத் துண்டித்துவிட்டு 159 என்ற எண்ணை அழுத்துங்கள், பெரும்பாலான பெரிய வங்கிகளுக்கு அது பாதுகாப்பாக இணைத்துவிடும்.

கடிதம் எழுத ஆங்கிலம் தடையாக இருந்தால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் இலவசமாக உதவி கேட்கலாம். ஒம்புட்ஸ்மன் அலுவலகத்தில் பேசும்போதும் எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.