பழைய கோல்ட் உட்ஸ்மேன்: மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பழைய துப்பாக்கிக் கண்காட்சிகளுக்குப் போனால் கோல்ட் உட்ஸ்மேன் இல்லாத வரிசையே இருக்காது. கோல்ட் (Colt) என்ற துப்பாக்கி நிறுவனம் செய்த, .22 லாங் ரைஃபிள் என்ற சிறு தோட்டா போடும் டார்கெட் பிஸ்டல் இது. ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. 1915இல் விற்பனைக்கு வந்தது, 1927இல்தான் உட்ஸ்மேன் என்ற பெயர் கிடைத்தது, 1977 வரை தயாரானது. புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் இதை எடுத்துப் பார்க்கும் விதத்தைக் கவனித்தால், தொடக்கத்தில் நான் செய்த தவறுகளே வரிசையாக வருகின்றன. உள்ளே தோட்டா இருக்கிறதா, துரு இருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பளபளப்பை நம்புவது

பணம் அதிகம் போவது இதில்தான். இரும்பின் மேல் தொழிற்சாலை ஏற்றிய அந்த நீலக் கருமைக்கு, அதாவது ப்ளூயிங்குக்கு, சேகரிப்பவர்கள் விலை கொடுக்கிறார்கள். அது தேய்ந்திருந்தாலும் அசல் அசல்தான். பாலிஷ் போட்டு மறுபடி ப்ளூயிங் ஏற்றிய துப்பாக்கி எவ்வளவு மின்னினாலும், அதே நிலையில் உள்ள அசலின் விலையில் பாதிகூடத் தேறாமல் போவது உண்டு.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணிக்கு அவர் தாத்தாவின் மேட்ச் டார்கெட் வந்து சேர்ந்தது. 1938இல் வெளிவந்த, கனமான பேரல் (குழல்) கொண்ட உட்ஸ்மேன் மாடல் அது. உறையில் உரசி பேரல் முனை வெளுத்திருந்தது, கைபடும் பின்புறம் சாம்பல் நிறமாகியிருந்தது. வேறு ஒரு குறையும் இல்லை. "ரீப்ளூ பண்ணினால் நல்ல விலைக்குப் போகும்" என்று துப்பாக்கி பழுதுபார்க்கும் ஒருவர் சொல்ல, அவரும் கொடுத்துவிட்டார். திரும்பி வந்தபோது பேரலின் பக்கவாட்டில் பொறித்திருந்த இலக்கு வட்டங்கள் பாலிஷ் சக்கரத்தில் பாதி அழிந்திருந்தன. அந்த மாடலுக்கு அடையாளமே அந்த வட்டங்கள்தான். வேலைக்கும் பணம் கொடுத்து, துப்பாக்கியின் மதிப்பையும் இழந்தார். இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. பழைய விக்கிரகத்தைப் புளி போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குவது போன்ற காரியம் இது. போனது போனதுதான், எந்தப் பட்டறையாலும் திருப்பித் தர முடியாது.

சரி, கடையில் வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் ஸ்க்ரூ, ஆணித் துளைகளின் விளிம்பை நகத்தால் தடவுங்கள். அசலில் விளிம்பு கூர்மையாக இருக்கும். சக்கரத்தில் தேய்த்திருந்தால் துளையைச் சுற்றி லேசான குழி விழுந்திருக்கும். அப்புறம் எழுத்துகளையும் கோல்ட் முத்திரையான முன்னங்கால் தூக்கிய குதிரையையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய கோடுகள்தான் முதலில் மங்கும். தட்டையான பக்கத்தில் டியூப்லைட்டின் பிம்பம் நேர்கோடாக விழ வேண்டும். அது நெளிந்தால் யாரோ தேய்த்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட உறுதியான சாட்சி துருக்குழிகள்தான். குழிக்குள்ளேயும் கருமை ஒரே சீராக இருந்தால், துருப்பிடித்த பிறகு ஏற்றியது அது. தேய்மானம் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்றும் பாருங்கள். கிரிப், அதாவது கைப்பிடியின் மேல்தகடு, வழவழவென்று தேய்ந்து, ஸ்க்ரூ தலைகள் சிதைந்து, உடம்பு மட்டும் நேற்று வாங்கியதுபோல இருந்தால் நம்பாதீர்கள்.

எந்தத் தோட்டாவையும் போட்டுச் சுட்டுப் பார்ப்பது

1930களின் தொடக்கம் வரை வந்த பிஸ்டல்கள் சாதாரண வேகத் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டவை. அதிவேகத் தோட்டாக்கள் சந்தைக்கு வந்த பிறகுதான் கோல்ட் அதற்கேற்ப மாற்றங்கள் செய்தது. கைப்பிடியின் பின்பக்கம், மெயின்ஸ்பிரிங் (முதன்மைச் சுருள்வில்) பொருந்தியிருக்கும் பாகத்தைப் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டிருந்தால் பழையது. படுக்கைக் கோடுகள் மட்டும் இருந்தால் அதிவேகத் தோட்டாவைத் தாங்கக்கூடியது. ஆனால் அந்தப் பாகம் தனியாகவும் விற்கப்பட்டது, பலர் வாங்கி மாட்டியிருக்கிறார்கள். அதனால் சீரியல் எண்ணையும் சேர்த்துப் பார்க்காமல் முடிவுக்கு வர வேண்டாம். பழைய பிஸ்டலில் தொடர்ந்து அதிவேகத் தோட்டா சுட்டால் சுடும்போது பின்னோக்கி நகரும் ஸ்லைடும் அதைத் தாங்கும் ஃபிரேமும் அடி வாங்கும். சந்தேகம் இருந்தால் சாதாரண வேகத் தோட்டாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காலிச் சேம்பரில் டிரிகரை இழுப்பது

வேண்டாம். இந்த .22 தோட்டா ரிம்ஃபயர் வகை, அதில் ஃபயரிங் பின் என்ற அடிக்கும் ஊசி தோட்டாவின் விளிம்பில் அடிக்கும். தோட்டா இல்லாவிட்டால் அந்த அடி, தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் ஓரத்தில் விழலாம். வாங்கும் முன் டார்ச் அடித்து அங்கே பள்ளமோ பிசிறோ இருக்கிறதா என்று பாருங்கள்.

மேகசினைப் பார்க்காமல் விலை பேசுவது

1947 வரை வந்தவை முதல் வரிசை, 1955 வரை இரண்டாவது, அதற்குப் பின் மூன்றாவது. முதல் வரிசையிலும் மூன்றாவதிலும் மேகசினை, அதாவது தோட்டாக்களை அடுக்கும் பெட்டியை, விடுவிக்கும் கொக்கி கைப்பிடியின் அடியில் இருக்கும். இரண்டாவதில் கட்டைவிரலால் அழுத்தும் பொத்தான். உள்ளே சொருகியிருக்கும் மேகசின் அந்த வரிசைக்கு உரியதுதானா என்று கேளுங்கள். அந்தக் காலத்து அசல் மேகசின் தனியாக வாங்கப் போனால் கையைக் கடிக்கும்.

பழைய கிரிப்பைத் தூக்கிப் போடுவது

முதல் வரிசை மேட்ச் டார்கெட்டின் ஒரே துண்டு வால்நட் கிரிப்பைச் சேகரிப்பவர்கள் யானைக்காது என்பார்கள். விரிசல் விட்டிருந்தாலும் பத்திரமாக வையுங்கள்.

கடிதம் இருக்கிறதே என்று ஏமாறுவது

கட்டணம் செலுத்தினால் கோல்ட் நிறுவனத்தின் ஆவணப் பிரிவு பழைய பதிவேட்டைப் பார்த்துக் கடிதம் தரும். எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பப்பட்டது போன்ற விவரங்கள் அதில் இருக்கும், நல்ல ஆதாரம். ஆனால் ப்ளூ ஃபினிஷ் என்று அதில் எழுதியிருப்பது தொழிற்சாலையை விட்டுப் போன நாளின் நிலை. மேசைமேல் இருக்கும் ப்ளூயிங் அதுதானா என்பதைக் கடிதம் சொல்லாது. விற்கிறவர் கடிதத்தை நீட்டினால் வாங்கிப் படியுங்கள், படித்துவிட்டு மறுபடி ஸ்க்ரூ துளைகளைத் தடவிப் பாருங்கள்.