‘வேன் வருதுல்ல!’: மலையேறும் முதல் நாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவோடு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குச் சைக்கிளில் ஏறினேன். நீலகிரியில் நான்கு நாள் பயணம், அதில் முதல் நாள். பாதிப் பேருக்கு மலை புதிது. காலையில் ரயில் நிலையத்துக்கு எதிரே நின்று அவர்கள் பை கட்டுவதைப் பார்த்தபோதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பத்து வருடத்துக்கு முன் நான் செய்த அதே கோளாறு, அதே சிரிப்போடு.

ஹெல்மெட் போடுங்கள், டயரில் காற்று பாருங்கள், முந்தின இரவு தூங்குங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. தெரிந்தும் செய்யாதவர் நான் சொல்லியா கேட்கப்போகிறார்?

முதல் ஐந்து கிலோமீட்டரில் பந்தயம்

பவானிப் பாலத்தைத் தாண்டி ஓடந்துறைப் பக்கம் சாலை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் குன்னூர், வலது பக்கம் கோத்தகிரி. குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகளும் ஓயாத பஸ்களும் இருப்பதால் சைக்கிளுக்குக் கோத்தகிரி சாலைதான் தோது. அந்தப் பிரிவு வரை சமதளம், குளிர்ந்த காற்று, கூடவே பதினோரு பேர், ஆளாளுக்குப் பறக்கிறார்கள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், கோத்தகிரி சுமார் 1,800. இடையில் 33 கிலோமீட்டர்தான். அதாவது ஏற்றம் பிடித்த பிறகு சராசரியாக நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் மேலே போகிறீர்கள். கேட்க ஒன்றுமில்லைபோல இருக்கும். மூன்று மணி நேரம், இறக்கம் என்பதே கிட்டத்தட்ட இல்லாமல் அதையே மிதித்துப் பாருங்கள். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால், அது உங்கள் வேகம் இல்லை, முன்னால் போகிறவருடைய வேகம். விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் வேனில் போடுவது

இதுதான் விஷயம். இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

குழுவாகப் போகும்போது பெரும்பாலும் பின்னால் ஒரு வேன் வரும். ஏற்பாடு செய்பவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்: “வெயிட் எதுக்கு? எல்லாத்தையும் வேன்ல போடுங்க, பின்னாடியே வரும்.” உடனே டியூப், பம்ப், மழைச் சட்டை, கடலை மிட்டாய், சிலபேர் பர்ஸைக்கூடப் போட்டுவிட்டு உடம்பும் சைக்கிளுமாகக் கிளம்பிவிடுவார்கள்.

கணக்கைப் பாருங்கள். சமதளத்தில் பன்னிரண்டு பேரும் ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பார்கள், ஒருவர் பின்னால் ஒருவர் காற்றுக்கு ஒதுங்கிக்கொள்ளலாம். மலையில் அந்தச் சலுகை இல்லை, அவரவர் எடையை அவரவர்தான் தூக்க வேண்டும். நன்றாக ஏறுபவர் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் போவார், புதியவர் ஆறு. ஒரு மணி நேரத்தில் இருவருக்கும் இடையே ஆறு கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டு. வேன் ஒன்றுதான். மலைச் சாலையில் நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது, திரும்பவும் முடியாது. டிரைவர் என்ன செய்வார்? சைக்கிள் வேகத்தில் முதல் கியரில் உருட்டிக்கொண்டே வந்தால் பின்னால் பஸ் ஹார்ன் அடிக்கும். முந்திப் போய் மேலே எங்காவது அகலமான இடத்தில் நிறுத்தி டீ குடிப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பத்து வருடத்துக்கு முன் என் கதை அப்படித்தான் ஆனது. இதே வழியில், குஞ்சப்பனை என்ற ஊருக்குக் கீழே பின்சக்கரத்தில் ‘புஸ்’. டியூப் வேனில். வேன் எங்கே என்று தெரியாது. போனில் சிக்னல் இல்லை. பின்னால் வந்த இருவர் மனசார நின்றார்கள், அவர்களிடம் டியூபும் இருந்தது. ஆனால் அவர்களுடையது ரோடு சைக்கிளின் ஒல்லி டியூப், என்னுடையது 26 இஞ்ச் தடிச் சக்கரம். அந்தப் பகுதி யானை நடமாடும் இடம், பலாப்பழக் காலத்தில் இன்னும் அதிகம், தனியாக நிற்கப் பயம். அதனால் தள்ளிக்கொண்டும், பொறுமை இழந்து கொஞ்ச தூரம் காற்றில்லாத சக்கரத்திலேயே மிதித்துக்கொண்டும் போனேன். டயரின் பக்கவாட்டுக் கிழிந்தது, ரிம் வளைந்தது. நூற்றைம்பது ரூபாய் டியூபை முதுகில் சுமக்க யோசித்தவன் ஊருக்கு வந்து புதுச் சக்கரமே போட்டேன். மீதி மூன்று நாளும் அதே வேனின் முன்சீட்டில் உட்கார்ந்து மற்றவர்கள் சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்தேன்.

எடை எடை என்கிறார்களே, அதையும் கணக்குப் போடலாம். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ கூடினால் மூன்று மணி நேர ஏற்றத்தில் ஏறக்குறைய இரண்டு நிமிடம் கூடும். அவ்வளவுதான். உங்கள் சக்கரத்துக்குச் சரியான டியூப், டயர் கழற்றும் நெம்பி இரண்டு, கைப் பம்ப், காற்றுத் தடுக்கும் மெல்லிய சட்டை, கொஞ்சம் தின்பண்டம், சில்லறையாக ஐந்நூறு ரூபாய், இவ்வளவும் அந்த ஒரு கிலோவுக்குள் வந்துவிடும்.

சட்டை ஏன் என்று கேட்பார்கள், கீழே வியர்த்துக் கொட்டும்போது கேட்கத்தான் தோன்றும். ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி வீதம் வெப்பம் குறையும். ஆக, கோத்தகிரியில் கிட்டத்தட்டப் பத்து டிகிரி குறைவு, அதிலும் நனைந்த பனியனோடு. போன மாதம் அரவேனு பக்கம் மழை பிடித்துக்கொண்டது. குழுவின் சின்னப் பையன் ஒருவன் மூடிய கடை ஒன்றின் வாசலில் உதடு நடுங்க நின்றுகொண்டிருந்தான்.

“சட்டை எங்கடா?”

“வேன்ல இருக்குண்ணே.”

“வேன் எங்க?”

கையை மேலே காட்டினான்.

என் சட்டையைக் கொடுத்தேன். அதனால் நான் நடுங்கினேன், அது வேறு கதை.

வேன் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாற்றுத் துணி, மருந்துப் பெட்டி, முடியாதவரை ஏற்றிக்கொள்ள ஒரு சீட், இவைதான் அதன் வேலை. கிளம்பும் முன்பே எந்தெந்த இடத்தில் நிற்கும், கடைசி ஆள் வந்த பிறகுதான் நகருமா என்று டிரைவரிடமே பேசிவிடுங்கள். குழுத் தலைவர் வழியாகச் சொன்னால் பாதிதான் போய்ச் சேரும். பஞ்சர் ஒட்டத் தெரிந்த ஒருவர் கடைசியில் வரட்டும். எல்லாக் குழுவிலும் அந்த ஆள்தான் முதலில் போய்விடுகிறார், என்ன செய்வது.

தண்ணீர்

நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீருக்குத் தடை. ‘வழியில் வாங்கிக்கலாம்’ என்று ஒற்றைப் பாட்டிலோடு வராதீர்கள். இரண்டு பாட்டில், இரண்டையும் மேட்டுப்பாளையத்திலேயே நிரப்புங்கள்.

கியர்

வளைவுக்கு முன்பே இறக்குங்கள். வளைவின் நடுவில், முழு பலத்தோடு மிதிக்கும்போது மாற்றினால் செயின் கழன்றுவிடும், சைக்கிள் நிற்கும், நீங்கள் சாய்வீர்கள்.

கொண்டை ஊசியில் பஸ்

இறங்கி ஓரமாக நில்லுங்கள். திரும்ப அதற்கு முழுச் சாலையும் வேண்டும்.

புது சீட்

வேண்டாம்.

யானை

நின்றுவிடுங்கள். செல்ஃபி எடுக்கிறவரோடு நிற்காதீர்கள்.

இறங்கும்போது பிரேக்

முதல் நாளில் ஏற்றம்தானே என்று இதை யாரும் யோசிப்பதில்லை, மறுநாள் காலையிலேயே தேவைப்படும். பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சுடும், கட்டையும் தேயும். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் விடுங்கள். பிரேக் கட்டையை அன்று இரவே பாருங்கள், காலையில் எல்லோரும் இட்லிக்கு நிற்பார்கள்.

அந்தச் சின்னப் பையன் மறுநாள் என்னிடம் வந்து பெருமையாகத் தன் பையைத் திறந்து காட்டினான். சட்டை இருந்தது, கடலை மிட்டாய் இருந்தது, பம்ப் இருந்தது, டியூபும் இருந்தது. ஒல்லி வால்வு டியூப். பம்ப் தடி வால்வுக்கானது.