வருகையின் காலத்தைக் கணக்குப் போடுகிறவர்கள் இடறும் இடங்கள்

கிறிஸ்து திரும்பவும் வருகிற காலத்தைப் பற்றிய தீர்க்கதரிசனப் பாடத்துக்குப் புதிதாக வந்து உட்காருகிறவர்களிடம் ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் முன்னால் வந்தவர்கள் எந்தக் குழியில் விழுந்தார்களோ அதே குழியில்தான் இவர்களும் விழுகிறார்கள், அதுவும் அதே வசனத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. "நாள் குறிக்காதே" என்ற பாடத்தை நான் இங்கே எடுக்கப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்கள்தான் அடுத்த தவறைச் செய்கிறார்கள்.

1948-லிருந்து கூட்டிக்கொண்டே போவது

இதைத்தான் நீளமாகப் பேச வேண்டும். இத்தனை வருஷம் கழித்தும் என்னால் பொறுக்க முடியாதது இதுதான்.

கணக்கு இப்படிப் போகும். மத்தேயு 24:32-ல் அத்திமரம் துளிர்விடுகிறது. அத்திமரம் என்றால் இஸ்ரவேல். இஸ்ரவேல் தேசம் 1948 மே 14 அன்று உருவானது. 34-ஆம் வசனத்தில் "இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது" என்று இருக்கிறது. வனாந்தரத்தில் ஒரு சந்ததி ஒழிய 40 வருஷம் ஆனது. ஆக 1948-உடன் 40-ஐக் கூட்டினால் 1988. அந்த வருஷம் செப்டம்பரில் சபை (விசுவாசிகள் எல்லோரும்) பூமியிலிருந்து எடுத்துக்கொள்ளப்படும் என்று 88 காரணங்களை அடுக்கிய ஒரு சிறு புத்தகம் அமெரிக்காவில் லட்சக்கணக்கில் பரவியது. செப்டம்பர் வந்தது, போனது.

சரி, அதோடு விட்டார்களா? இல்லை, அளவுகோலை மாற்றினார்கள். எருசலேம் முழுவதும் இஸ்ரவேல் கைக்கு வந்த 1967-லிருந்து 40 வருஷம் எண்ணினால் 2007. அதுவும் போனதும் சங்கீதம் 90:10-க்கு வந்தார்கள். மனுஷன் ஆயுசு 70, பெலத்தின் மிகுதியால் 80, அப்படியானால் 2018, இல்லையென்றால் 2028. முதலில் விடையை வைத்துக்கொண்டு அதற்கேற்ற வசனத்தைத் தேடுவதற்கு வேத ஆராய்ச்சி என்று பெயர் வைக்க முடியாது.

ஒரு பெரியவருடைய வேதாகமத்தின் கடைசித் தாளை நானே பார்த்திருக்கிறேன். பென்சிலில் 1988, மேலே ஒரு கோடு. 2007, ஒரு கோடு. 2018, ஒரு கோடு. அதற்குக் கீழே 2028, அதைச் சுற்றி ஒரு வட்டம். கடைசிக்காலத்தில் பூமியின்மேல் வரும் உபத்திரவகாலம் ஏழு வருஷம், சபை அதற்கு முன்பே போய்விடும், ஆகவே 2028-லிருந்து 7-ஐக் கழித்து 2021 என்று எழுதியிருந்தார். 2021-ம் போன பிறகு அந்த 7-ஐ அடித்துவிட்டு மூன்றரை என்று திருத்தியிருந்தார். கவனியுங்கள், காலமெல்லாம் "உபத்திரவத்துக்கு முன்" என்று போதித்த மனிதர், ஒரு கழித்தல் கணக்கைக் காப்பாற்றுவதற்காக "உபத்திரவத்தின் பாதியில்" என்று மாறிவிட்டார். எந்த வசனமும் அவரை மாற்றவில்லை. பழைய கணக்கை நம்பி அவர் மகனின் படிப்பைப் பாதியில் நிறுத்தியிருந்தார், வருகைக்குள் படித்து முடிக்க முடியாது என்று சொல்லி. அந்த மகன் இன்றைக்குச் சபை வாசலை மிதிப்பதில்லை. அவனை என்ன சொல்லி அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இது ஒரு வீட்டோடு நிற்கவில்லை. தென்கொரியாவில் 1992 அக்டோபர் 28 என்று லீ ஜாங்-ரிம் என்ற போதகர் அறிவித்தபோது ஜனங்கள் வேலையை விட்டார்கள், சொத்தை விற்றுக் கொடுத்தார்கள். அவரோ 1993-ல் முதிர்வடையும் பத்திரங்களை வாங்கி வைத்திருந்தார். மோசடிக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார். ஏமாந்தவர்களில் பெரும்பாலானோர் வசனத்தை உண்மையாகவே நேசித்தவர்கள், அதுதான் வேதனை.

இத்தனைக்கும் இந்தக் கணக்கின் அஸ்திபாரம் எவ்வளவு பலவீனமானது என்று பார்க்க ஒரு நிமிஷம் போதும். அதே உவமை லூக்கா 21:29-ல் எப்படி இருக்கிறது? "அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள்." அத்திமரம் இஸ்ரவேல் என்றால் மற்ற மரங்களெல்லாம் எந்தெந்த தேசங்கள், அவை எந்தெந்த வருஷத்தில் துளிர்த்தன? இதற்குப் பதில் சொல்லாமல் கூட்டலைத் தொடங்கக் கூடாது. துளிர் வந்தால் வசந்தகாலம் சமீபம், அதுபோல இவைகளைக் கண்டால் வருகை சமீபம். இயேசு சொன்னது அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு சாக்கு சொல்வார்கள்: "நாளும் நாழிகையும்தானே தெரியாது, வருஷம் தெரியலாமே." அப்போஸ்தலர் 1:7-ஐத் திறந்து காட்டுங்கள். பிதா தம்முடைய ஆதீனத்திலே வைத்திருக்கிற "காலங்களையும் வேளைகளையும்" அறிகிறது உங்களுக்கு அடுத்ததல்ல என்று அங்கே இருக்கிறது. வருஷமும் அதற்குள் அடக்கம்.

வயலில் இருந்த இரண்டு பேர்

"ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான்" என்ற மத்தேயு 24:40-ஐ எடுத்தவுடனே இரகசிய வருகைக்கு, அதாவது கிறிஸ்து யாரும் காணாமல் வந்து சபையை எடுத்துக்கொள்வார் என்பதற்கு, ஆதாரமாக வைக்கிறார்கள். அதற்கு ஒரு வசனம் முன்னால் போங்கள். நோவாவின் நாட்களில் ஜலப்பிரளயம் வந்து வாரிக்கொண்டுபோனது யாரை? அழிந்தவர்களை. மிஞ்சியது நோவா. அப்படியானால் கொண்டுபோகப்படுகிறவன் பாக்கியவானா, கைவிடப்படுகிறவன் பாக்கியவானா என்ற கேள்வி அங்கே திறந்தே இருக்கிறது. சபை உபத்திரவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளப்படும் என்று நம்புகிறவன்தான் நான். ஆனாலும் இந்த வசனத்தை என் பக்கத்துச் சாட்சியாக நிறுத்துவதில்லை. எனக்கு 1 தெசலோனிக்கேயர் 4-ம், அதை ஒட்டி 5:9-ம் போதும்.

ஏழு வருஷம் வெளிப்படுத்தலில் இருக்கிறது என்று நினைப்பது

இல்லை. வேண்டுமானால் முதலிலிருந்து கடைசி வரை படித்துப் பாருங்கள். 42 மாதம் இருக்கிறது, 1260 நாள் இருக்கிறது, ஏழு முத்திரை, ஏழு எக்காளம், ஏழு கலசம் இருக்கிறது. "உபத்திரவம் ஏழு வருஷம்" என்ற வரி மட்டும் இல்லை. அது தானியேல் 9:27-ன் கடைசி வாரத்திலிருந்து (அங்கே மொத்தம் எழுபது வாரம்; ஒரு வாரம் என்றால் ஏழு வருஷம்) வருகிறது, அதுவும் 69-ஆம் வாரத்துக்கும் 70-ஆம் வாரத்துக்கும் நடுவில் ஒரு நீண்ட இடைவெளி உண்டு என்று ஒத்துக்கொண்டால்தான். நான் ஒத்துக்கொள்கிறேன். ஒத்துக்கொள்ளாத தேவபக்தியுள்ள போதகர்களும் உண்டு. தானியேல் 9-ஐ உட்கார்ந்து படிக்காமல் வரைபடம் போட ஆரம்பிக்காதீர்கள்.

"இங்கே ஏறிவா"

வெளிப்படுத்தல் 4:1. சபை எடுத்துக்கொள்ளப்படுவது இதுதான் என்கிறார்கள். அது யோவானைக் கூப்பிட்டது, சபையை அல்ல.

அந்திக்கிறிஸ்துவுக்குப் பெயர் வைப்பது

கடைசிக்காலத்தில் கிறிஸ்துவுக்கு எதிராக எழும்பும் அவன் இன்னார்தான் என்று சொல்ல வேண்டாம். இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினிக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள்.

இரத்த நிலா

2014-லும் 2015-லும் பஸ்காவிலும் கூடாரப் பண்டிகையிலுமாக நான்கு முழுச் சந்திர கிரகணங்கள் (அப்போது நிலா சிவக்கும்) வந்தன, வருகைக்கு அடையாளம் என்றார்கள். இரண்டு பண்டிகையும் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும், சந்திர கிரகணமும் பௌர்ணமியில்தான் வரும்.

மாற்றுக் கருத்துள்ளவரைத் தள்ளிவைப்பது

உபத்திரவத்துக்கு முன்பே சபை எடுக்கப்படும் என்ற உபதேசம் இன்று நாம் போதிக்கிற வடிவத்தில் பரவியது 1830-களில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகரின் ஊழியத்திலிருந்து. 1909-ல் விளக்கக் குறிப்புகளோடு வந்த ஸ்கோபீல்டு வேதாகமம் அதை இன்னும் தூரம் கொண்டுபோனது. உபதேசம் தவறு என்று நான் சொல்லவில்லை; ஆனால் அதை ஏற்காதவர் விசுவாசியே இல்லை என்று பேச நமக்கு இடம் கிடையாது. 2-ஆம் நூற்றாண்டில் ஆதிச்சபை எழுத்தாளர் ஜஸ்டின் மார்ட்டிர் எருசலேமில் நடக்கப்போகும் கிறிஸ்துவின் ஆயிர வருட அரசாட்சியை உறுதியாக நம்பினார், நம்பிக்கொண்டே, சுத்தமான விசுவாசமுள்ள கிறிஸ்தவர்களில் பலர் அப்படி நினைப்பதில்லை என்றும் எழுதி வைத்தார்.

பயமுறுத்துவது

பவுல் 1 தெசலோனிக்கேயர் 4-ஐ எழுதியது, மரித்த தங்கள் ஜனங்களுக்காகத் துக்கப்பட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு. "இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்" என்றுதான் முடிக்கிறார். அதே பகுதியை வைத்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை நடுங்க வைக்கிறார்கள். வீட்டில் அம்மா அப்பாவைக் காணாவிட்டால், வருகை முடிந்துவிட்டது, நான் மட்டும் விடப்பட்டேன் என்று கதறுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். கைவிடப்பட்டவர்களின் படத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிற ஆசிரியர்கள் தயவுசெய்து இந்த வாரமே நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக 13-ஆம் வசனத்திலிருந்து 18 வரை அவர்களோடு சத்தமாக வாசியுங்கள்.