குறும்படம் எடுக்கும் மாணவர்களுக்கு: ஒரு நிமிட வெற்றோசை

ஒவ்வோர் இடத்திலும் படப்பிடிப்பு முடிந்ததும், குழுவினர் கலைந்து செல்வதற்கு முன், அனைவரையும் பேசாமல் அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு, வசனத்தைப் பதிவு செய்த அதே கைப்பேசியை அதே இடத்தில் வைத்து, அங்குள்ள வெறும் சுற்றோசையை 60 விநாடிகள் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மதுரை சிம்மக்கல்லில் ஒரு மாடி அறைக்குள் எடுக்கும் காட்சியானாலும், மின்விசிறியின் முனகலும் கீழே செல்லும் ஆட்டோக்களின் இரைச்சலும் வசனத்துக்கு அடியில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதன் அளவு டேக்குக்கு டேக் மாறுவதால், எடிட்டிங்கில் வெட்டு விழும் இடங்களில் ஒலி திடீரென எகிறும் அல்லது அடியோடு அறுந்துபோகும். பதிவு செய்துவைத்த ஓசையைத் தனித் தடமாகக் காட்சி முழுவதும் மெலிதாக ஓடவிட்டால் அந்த ஒட்டுகள் பெரும்பாலும் காதுக்குத் தெரியாது என்பதால், வசனத்தை மறுபடி பதிவு செய்ய நடித்தவர்களைத் திரும்ப அழைக்கும் அலைச்சல் குறையும். காட்சியின்போது மின்விசிறி ஓடியிருந்தால் இப்போதும் ஓட வேண்டும்; வேலை முடிந்த களைப்பில் யாராவது அதை முதலில் அணைத்துவிடுவது வழக்கம்.

வசனமே இல்லாமல் இசை மட்டும் ஒலிக்கும் படத்துக்கு இது தேவையில்லை. பக்கத்து டீக்கடையில் பாட்டு ஓடும்போது எடுத்த காட்சிக்கும் இது உதவாது. வெட்டுக்கு வெட்டு பாட்டின் வரி தாவுவதை எந்த ஓசையாலும் மறைக்க இயலாது என்பதால், படமெடுக்கும் முன்பே கடைக்கார அண்ணனிடம் சொல்லிச் சற்று நேரம் நிறுத்தச் செய்வதே வழி.